மாரடைப்புக்குப் பின் ஒரு பனையேறி: எக்கோ அறையிலிருந்து மரத்தடி வரை

பின்னணி

திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கே, செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த ஒரு சிற்றூரைச் சேர்ந்த 52 வயதுப் பனையேறி ஒருவருக்கு ஏற்பட்ட மாரடைப்பும், அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்காலம் நீடித்த மறுவாழ்வுச் சிகிச்சையும் இங்கே பதிவாகின்றன. அவருடைய ஒப்புதலுடன் எழுதப்படும் இந்தப் பதிவில், அவரையோ குடும்பத்தையோ சிகிச்சையளித்த நிலையங்களையோ அடையாளம் காட்டும் விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. இதை எழுதும் நான் இதயப் படமெடுப்பில் பயிற்சி பெற்று, நெடுங்காலம் எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை) அறையில் பணிபுரிந்து, பிறகே இதய மறுவாழ்வுப் பிரிவுக்கு வந்தவன். படத்தில் தெரியும் இதயத்தைக் கொண்டு ஒருவருடைய தொழிலைப் பற்றி எந்த அளவுக்கு முடிவு சொல்லலாம் என்ற கேள்வி இந்த நிகழ்வில் எழுந்ததுபோல் வேறெங்கும் அத்தனை கூர்மையாக எழுந்ததில்லை.

அவர் பதினாறு வயதிலிருந்து பனையேறுபவர். மாசியில் தொடங்கி ஆடி வரை நீளும் பருவத்தில் நாள்தோறும் முப்பது மரங்கள், காலையும் மாலையும். இறக்கிய பதநீரை விடிலி என்னும் ஓலைக்குடிசையில் மனைவி காய்ச்சிக் கருப்பட்டியாக்குகிறார். நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி பிடிக்கும் வழக்கம் உண்டு. நீரிழிவு இல்லை, இரத்த அழுத்தம் அதற்குமுன் அளக்கப்பட்டதே இல்லை.

மாரடைப்பும் முதல் சிகிச்சையும்

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, மூன்றாவது மரத்திலிருந்து இறங்கியதும் நெஞ்சை அழுத்துவதுபோன்ற வலியும் வியர்வையும் ஏற்பட்டன. வாயுத்தொல்லை என்று கருதிச் சோடாவும் ஓமத்திரவமும் குடித்ததில் மூன்று மணி நேரம் கழிந்தது. பின்னர் அருகிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த இ.சி.ஜி.யில் இதயத்தின் முன்சுவரைப் பாதித்த மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் அங்கேயே முதல் வேளையாகக் கொடுக்கப்பட்டன. அடுத்த மருத்துவமனையில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் அலகு ஒரு மணி நேரத்தில் ஏற்றப்பட்டபோது வலி தொடங்கி ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது. மறுநாள் ஆஞ்சியோகிராமில், இதயத்தின் முன்புறம் இறங்கும் முதன்மைத் தமனியின் தொடக்கப் பகுதியில் கடும் அடைப்பு காணப்பட்டு, ஒரு ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது.

மூன்றாம் நாள் எடுத்த எக்கோவில் இடது கீழறையின் உச்சியும் (கீழே கூர்ந்த முனை) முன்சுவரும் அசைவற்றிருந்தன, இதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் அளவான ஈ.எஃப். 36 விழுக்காடு. இரத்தக்கட்டி எதுவும் குறிப்பிடப்படவில்லை. ஐந்தாம் நாள் வீடு திரும்பினார்.

வீட்டில் கழிந்த இரண்டு வாரம்

எங்கள் பிரிவுக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டு வந்தது அதன் பிறகுதான். வந்தவர் நடந்து வரவில்லை. மருமகன் கைத்தாங்கலாகக் காரிலிருந்து இறக்கிச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். காலில் வீக்கமோ மூச்சுத்திணறலோ இல்லை. காரணத்தை மனைவி சொன்னார்: “நெஞ்சு நூத்துக்கு முப்பத்தாறுதான் வேல செய்யுதுன்னு சீட்டுல போட்டிருக்கு டாக்டர். அசையவே கூடாதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. கட்டில விட்டு எறக்கல.”

ஈ.எஃப். என்ற எண்ணைக் குடும்பங்கள் தேர்வு மதிப்பெண்ணாகவே வாசிக்கின்றன. முப்பத்தாறு என்றால் தேறியும் தேறாத கணக்கு. இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை பங்கு வெளியேறுகிறது என்பதே அந்த எண். நல்ல உடல்நிலையில் உள்ள இளைஞருக்கும் அது 55 முதல் 70 வரைதான் இருக்கும். எந்த இதயமும் நூறைத் தொடுவதில்லை. மேலும், மாரடைப்புக்குப் பின் முதல் சில நாள்களில் அசையாமல் கிடக்கும் தசை முழுவதும் இறந்த தசை அன்று. இரத்த ஓட்டம் திரும்பிய பின்னும் ஒரு பகுதி செயலிழந்து கிடந்து, நாள்களிலும் வாரங்களிலும் மீளக்கூடும். ஆகவே மூன்றாம் நாள் எண்ணைக் கொண்டு ஒருவருடைய எஞ்சிய வாழ்நாளைக் கணிப்பது எக்கோவின் மேல் அது தாங்காத சுமையை ஏற்றுவதாகும். இதே காரணத்தால், ஆபத்தான துடிப்பு நேர்ந்தால் அதிர்வளிக்கும் கருவியை உடலில் பொருத்துவது பற்றிய முடிவும் மாரடைப்புக்குப் பின் குறைந்தது 40 நாள்களும், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மூன்று மாதங்களும் கழித்து எடுக்கும் எக்கோவுக்குப் பிறகே எடுக்கப்படுகிறது. “மெசின் வைக்கணுமாமே” என்று குடும்பம் கேட்டபோது இந்தக் கணக்கையே எடுத்துச் சொன்னோம்.

கட்டிலில் கிடத்துவதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவ உலகமே மாரடைப்புக்கு ஆறு வாரம் படுக்கையைத்தான் விதித்தது. 1950களின் தொடக்கத்தில் பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லோனும் நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்ததே அன்று துணிச்சலாகக் கருதப்பட்டது. ஊரார் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் முந்தைய தலைமுறை மருத்துவர்கள் சொன்னதன் எச்சமே.

இரண்டாவது எக்கோ

மறுவாழ்வில் சேர்ப்பதற்கு முன் புதிய எக்கோ வேண்டும் என்று முடிவு செய்ததற்கு ஒரே காரணம் இருந்தது. முன்சுவர் மாரடைப்பில் உச்சி அசைவற்றுக் கிடக்கும்போது அங்கே தேங்கும் இரத்தம் கட்டியாக உறைவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள்தான். மூன்றாம் நாள் படத்தில் கட்டி இல்லை என்பது பதினேழாம் நாளுக்குச் சான்றாகாது.

படமெடுப்பது எளிதாக இல்லை. ஆண்டுக்கணக்கில் மரத்தை அணைத்து ஏறியதில் மார்பின் நடுவிலும் இடப்புறத்திலும் தோல் காய்த்துத் தடித்திருந்தது. கருவியின் முனை சரியாகப் பதிய வழக்கத்தைவிட அதிகமாகக் கூழ் பூச வேண்டியிருந்தது. முதலில் கிடைத்த படத்தில் உச்சி உருண்டையாக, ஓரளவு சுருங்குவதுபோலவே தெரிந்தது. இதில்தான் எச்சரிக்கை தேவை. முனையை உண்மையான உச்சிக்கு நேராக வைக்காமல் ஒரு விலா இடைவெளி மேலே வைத்துவிட்டால் ஒலிக்கற்றை கீழறையைச் சாய்வாக வெட்டும். அறை நீளம் குறைந்து தெரியும். உச்சியின் சுவர் தடித்து நன்றாக இயங்குவதாகத் தோன்றும். கட்டி இருந்தாலும் படத்துக்கு வெளியே போய்விடும். அவரை இடப்புறமாக நன்கு ஒருக்களித்துப் படுக்க வைத்து, முனையை ஓர் இடைவெளி கீழே, சற்று வெளிப்புறமாக நகர்த்தி, ஆழத்தைக் குறைத்து, அதிர்வெண்ணை உயர்த்தி, உச்சியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தபோது 14 மி.மீ. நீளமும் 9 மி.மீ. தடிப்பும் கொண்ட கட்டி ஒன்று அசையாத சுவரோடு ஒட்டியிருந்தது. கருவியின் அருகே தோன்றும் போலிநிழலாக இருக்குமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. இரண்டு வெவ்வேறு கோணங்களில், சுருக்கத்திலும் விரிவிலும், தெளிவான விளிம்போடு அது தெரிந்ததால் ஐயம் நீங்கியது. காம்பு இல்லை, தனியே ஆடவும் இல்லை. ஈ.எஃப். அன்று 38.

முடிவுகள் இரண்டு. முதலாவது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் தொடங்கி, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை 2க்கும் 3க்கும் இடையில் வைப்பது. இரத்தக்கசிவைக் குறைப்பதற்காக ஆஸ்பிரினை நிறுத்திக் குளோபிடோக்ரலை மட்டும் தொடர்வது. தேரிக்காட்டு வீடுகளில் முருங்கைக்கீரை அன்றாட உணவு. அதிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். கீரையை விலக்கச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, கேட்கவும் தேவையில்லை. வாரத்தில் இரண்டு நாள், ஒரே அளவு என்று வைத்துக்கொண்டு அதற்கேற்ப மருந்தின் அளவைத் திருத்தினோம்.

இரண்டாவது முடிவு சற்று விவாதத்துக்குரியது. உச்சியில் கட்டி இருக்கையில் உடற்பயிற்சி தேவையா? டிரெட்மில் சோதனையையும் பாரம் தூக்கும் பயிற்சியையும் கட்டி கரையும்வரை ஒத்திவைத்தோம். சமதளத்தில் மெதுவான நடையை மட்டும் அனுமதித்தோம். கட்டி சுவரோடு படிந்திருந்தது, மருந்து தொடங்கிவிட்டது, கட்டிலில் கிடப்பதால் காலில் வேறொரு கட்டி உருவாகும் ஆபத்து உண்மையானது என்பன எங்கள் காரணங்கள்.

வீட்டிலிருந்தே மறுவாழ்வு

இதய மறுவாழ்வு என்றால் வாரம் மூன்று நாள் மையத்துக்கு வந்து கண்காணிப்பில் பயிற்சி செய்வது என்றே பாடநூல்கள் எழுதுகின்றன. இவருக்கோ பேருந்தில் வர இரண்டு மணி நேரம், போக இரண்டு மணி நேரம், கூட வரும் ஒருவரின் ஒருநாள் கூலி. இரண்டு வாரத்துக்கொரு முறை மையத்திலும் மற்ற நாள்களில் வீட்டிலும் என்று திட்டம் வகுத்தோம். தொடக்கத்தில் ஆறு நிமிட நடையில் அவர் கடந்த தூரம் 330 மீட்டர்.

உடலுழைப்பு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை நோயாளியே 6 முதல் 20 வரை எண்ணிட்டுச் சொல்லும் போர்க் அளவுகோல் உண்டு. எண்கள் அவருக்குப் பிடிபடவில்லை. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு தடையின்றிப் பேச முடிந்தால் போதிய அளவு, பேச்சு இடையிடையே அறுந்தால் மிகை என்ற விதி உடனே பிடிபட்டது. நடக்கும் இடத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வீட்டைச் சுற்றி எங்கும் பொதிமணல். அதில் கால் புதைய நடப்பதற்குக் கெட்டித்தரையில் நடப்பதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு ஆற்றல் செலவாகும். முதல் ஆறு வாரம் தார்ச்சாலையில் மட்டும், வெயில் ஏறுமுன் என்று வரையறுத்தோம். நடந்த நேரம், பேச்சு அறுந்ததா, தலைசுற்றியதா என்ற மூன்றையும் மகள் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிவந்தார். அந்தத் தாள்களின் கட்டு எங்களுடைய கோப்பைவிட நம்பகமானதாக இருந்தது.

இரண்டாம் மாதத்தில், கைகளை உயர்த்தும் பயிற்சியின்போது இடக்கையைத் தூக்கத் தயங்குவதை இயன்முறை மருத்துவர் கவனித்தார். “அண்ணாச்சி, தோள்ல வலியா?” என்று கேட்டதற்கு முதலில் பதில் இல்லை. மனைவியும் மகளும் வெளியே சென்ற பிறகு, மார்புக்காம்பைச் சுற்றி வீங்கி வலிக்கிறது என்றும், அதற்காகப் பத்து நாளாக ஒரு மாத்திரையை விட்டுவிட்டதாகவும் சொன்னார். இதயத்துக்காக அவருக்குக் கொடுத்திருந்த ஸ்பைரோனோலாக்டோன் ஆண்களுக்கு இந்த விளைவைத் தரும் என்பது நன்கு தெரிந்ததே, அதே வகையைச் சேர்ந்த எப்லெரினோனுக்கு மாற்றினோம். வெளிநோயாளர் வரிசையில் மூன்று நிமிடப் பார்வையில் இது வெளிவந்திருக்குமா என்பது ஐயமே.

மூன்றாம் மாத மதிப்பீடு

வைகாசியில் எடுத்த எக்கோவில் கட்டி முற்றிலும் கரைந்திருந்தது. ஈ.எஃப். 46. முன்சுவரின் நடுப்பகுதி மீண்டும் இயங்கியது. உச்சி மட்டும் வடுவாக மெலிந்து அசைவற்றே இருந்தது. அதிர்வளிக்கும் கருவி தேவையில்லை என்று குடும்பத்திடம் தெரிவித்தோம். வார்ஃபரின் நிறுத்தப்பட்டு ஆஸ்பிரின் மீண்டும் சேர்க்கப்பட்டது. ஆறு நிமிட நடை 470 மீட்டர். டிரெட்மில்லில், படிப்படியாக வேகமும் சாய்வும் கூடும் புரூஸ் முறையின் இரண்டாம் நிலையை முடித்து மூன்றாம் நிலையின் நடுவில் கால் சோர்ந்து நிறுத்தினார். ஏறத்தாழ 8 மெட் அளவு. ஒரு மெட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கையில் உடல் செலவிடும் ஆக்சிஜன், கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மி.லி. இ.சி.ஜி.யில் இதயத்தசைக்கு இரத்த ஓட்டம் குறைவதன் அறிகுறியோ துடிப்புக் கோளாறோ இல்லை.

மரம் ஏறலாமா என்று அன்றே கேட்டார். இரண்டு இரத்தத்தட்டு எதிர்ப்பு மருந்துகளில் (ஆஸ்பிரின், குளோபிடோக்ரல்) இருப்பவர் உயரத்திலிருந்து விழுந்தால் மண்டைக்குள் கசியும் இரத்தம் எளிதில் நிற்காது. ஸ்டென்ட் வைத்து ஓராண்டு முடியும்முன் அவற்றில் ஒன்றை நிறுத்துவதும் சரியன்று. பருவமும் ஆடியோடு முடியவிருந்தது. எனவே அந்த ஆண்டு ஏறக்கூடாது, அடுத்த மாசியில் பேசலாம் என்று தள்ளிவைத்தோம். இடைப்பட்ட மாதங்களில் கை, தொடைத் தசைகளுக்கான பயிற்சி தொடங்கியது. ஓலைப்பெட்டியில் மணலை நிரப்பித் தராசில் நிறுத்து, மூன்று கிலோவில் தொடங்கிப் பத்து கிலோ வரை படிப்படியாக உயர்த்தினோம்.

மரத்தடியில் ஒரு காலை

மெட் அட்டவணைகளை மட்டும் பார்த்தால் 8 மெட் ஆற்றல் உள்ளவர் பெரும்பாலான உடலுழைப்பு வேலைகளைச் செய்யலாம். ஆனால் டிரெட்மில் கால்களின் ஓட்டத்தை மட்டுமே சோதிக்கிறது. பனையேறுபவர் தளைநார் பூட்டிய பாதங்களால் மரத்தைக் கவ்வி, கைகளால் அணைத்து உடலை மேலே இழுக்கிறார். உச்சியில் மட்டைகளுக்கிடையே தொடையால் பிடித்து நின்று, கைகளைத் தலைக்குமேல் உயர்த்திப் பாளையைச் சீவுகிறார். இறுகப் பிடிக்கும் தசை இரத்த அழுத்தத்தை ஓட்டத்தைவிட வேறு விதமாக உயர்த்தும். ஓராண்டு நிறைந்து ஆஸ்பிரின் மட்டும் எஞ்சிய பிறகு, இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை மார்பில் கட்டி, இடுப்பில் கயிறிட்டு, அண்ணன் மகன் துணையோடு பதினைந்து அடி வடலி (இளம்பனை) ஒன்றில் ஏறச் செய்து நேரில் பார்த்தோம்.

ஏற்றம் சீராக இருந்தது. துடிப்பு 66இலிருந்து 124க்கு உயர்ந்தது. சீவும்போது ஒவ்வொரு முறையும் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வது கீழிருந்தே தெரிந்தது. இறங்கியதும் அழுத்தம் 164/90. மூன்று நிமிடம் நின்றபின் 108/68. “கண்ணு லேசா இருட்டுது டாக்டர்” என்றார். உழைப்பு நின்றதும் இரத்தம் கால்களில் தேங்குவதும், காலையில் விழுங்கிய, இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ராமிப்ரில் மாத்திரையும், ஏறிவரும் வெயிலும் சேர்ந்த விளைவு இது. டிரெட்மில் அறையில் இது தெரியாமல் போனதற்குக் காரணம் எளியது: அங்கே சோதனை முடிந்தவுடன் நோயாளியைப் படுக்கையில் கிடத்திவிடுகிறோம். ஹோல்டர் பதிவில் தனித்தனியான சில மிகைத்துடிப்புகள் தவிர வேறெதுவும் இல்லை.

முடிவும் அதன் காரணங்களும்

எங்கள் குழுவில் கருத்து ஒன்றுபடவில்லை. நாற்பது அடி உயரத்தில் ஒரு கணம் நினைவு தப்பினாலும் உயிர் போகும், ஆகவே தொழிலை முற்றாக விடச் சொல்வதே பொறுப்பான மருத்துவம் என்று ஒருவர் வாதிட்டார். அதில் நியாயம் உண்டு. நோயாளியின் வாதம் வேறு: “நெஞ்சு நல்லா இருந்தவன்தான டாக்டர், போன வருசம் எங்கூர்ல மரத்துலேருந்து விழுந்தான்.” தடை விதித்தால் எங்களிடம் சொல்லாமல், கயிறில்லாமல், முப்பது மரமும் ஏறுவார் என்றே நான் கருதினேன். ஈ.எஃப். நாற்பதுக்கு மேல், இதயத்தசைக்கு இரத்த ஓட்டக்குறைவு இல்லை, ஆபத்தான துடிப்புக் கோளாறு இல்லை, கண் இருட்டுவதற்கான காரணம் திருத்தக்கூடியது என்ற நான்கும் வரம்புக்குட்பட்ட அனுமதிக்கு இடமளித்தன.

பத்து மரங்கள், இருபது அடிக்கு மிகாமல், இடுப்புக்கயிறு கட்டாயம், தனியே போகக்கூடாது. எஞ்சிய உயர்ந்த மரங்களை அண்ணன் மகன் பங்குக்கு எடுத்துக்கொண்டார். ராமிப்ரில் இரவுக்கு மாறியது. ஏறுமுன் இரண்டு தம்ளர் தண்ணீர். இறங்கியபின் ஒரே இடத்தில் நிற்காமல் அடுத்த மரத்துக்கு மெல்ல நடப்பது. கண் இருட்டினால் அங்கேயே உட்காருவது. சீவும்போது வாய்விட்டு எண்ணச் சொன்னோம், எண்ணிக்கொண்டிருப்பவரால் மூச்சைப் பிடிக்க முடியாது. ஒரு வாரம் கழித்து அதே வடலியில் மீண்டும் அளந்தபோது மூன்றாம் நிமிட அழுத்தம் 122/74.

பின்விளைவு

அந்தப் பருவம் முழுவதும் வரம்புக்குள் ஏறினார் என்று மனைவி உறுதி சொன்னார். அவர் சொல்லையே நாங்கள் ஏற்கிறோம். பங்குனி வெயிலில் ஒருநாள் கண் இருட்டியதால் பாதியில் நிறுத்தி வீடு திரும்பினார். ஒன்பது மாதம் நிறுத்தியிருந்த பீடியை ஊர்க்கொடையின்போது மீண்டும் பிடித்து, இரண்டு வாரத்தில் மறுபடி விட்டார். பருவம் முடிந்து எடுத்த எக்கோவில் ஈ.எஃப். 49, உச்சி முன்போலவே அசைவற்றுள்ளது, கட்டி இல்லை. கெட்ட கொழுப்பு 64 மி.கி. இடையில் மருத்துவமனையில் சேர்க்க நேரவில்லை. வருமானம் முன்பைவிடக் குறைவு. இதை மறுவாழ்வின் வெற்றிக் கணக்கிலிருந்து மறைப்பது முறையன்று.

நடைமுறையில் செய்த மாற்றங்கள்

முன்சுவர் மாரடைப்பில் உச்சி அசைவற்றவர்களுக்கு இரண்டாம் வார எக்கோ நாளைக் குறித்த பிறகே வீட்டுக்கு அனுப்புகிறோம். உச்சியை மட்டும் தனியே பெரிதாக்கி எடுத்த படம் கோப்பில் இருக்க வேண்டும். ஈ.எஃப். எண்ணுக்குப் பக்கத்தில், நலமானவர்களின் அளவையும் ‘இது முதல் வாரக் கணக்கு, மாறும்’ என்ற வரியையும் அச்சிடுகிறோம். டிரெட்மில் சோதனைக்குப் பின் வெளிவேலை செய்பவர்களைப் படுக்க வைக்காமல், ஒருவர் அருகில் நிற்க, மூன்று நிமிடம் நிற்க வைத்தே அழுத்தத்தை அளக்கிறோம். தொழிலுக்குத் திரும்பும் முடிவை, அந்தத் தொழில் நடக்கும் இடத்தில் ஒருமுறையேனும் பார்த்த பிறகு எடுக்க முயல்கிறோம். எல்லாருக்கும் இது இயலவில்லை: செங்கல் சூளைக்கும் வயலுக்கும் போக முடிந்திருக்கிறது, கடலுக்குள் செல்லும் மீனவர்களுக்கு ஹோல்டரை மட்டும் கட்டி அனுப்புகிறோம்.